சாம்பல் வண்டி மூன்று முறை செத்தது

முதலாளி அழுதுகொண்டிருந்தார். கண்ணீர் வராத அழுகை. ஏசி அறையில் சுழல் நாற்காலியை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே ஒரு மனிதர் அழ முடியும் என்பதை ஆணி அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"என் வயித்துல அடிச்சுட்டான் மேடம். சோறு போட்ட கையையே கடிச்சுட்டான்."

"எந்தக் கை சார்?" என்றான் அவளுடைய உதவியாளன் ரேடியோ. "நீட்டுங்க. பல்லு பட்ட தடம் இருந்தா கேஸ் சுலபமா முடிஞ்சிடும்."

முதலாளி அவனை முறைத்தார். ஆணி முறைக்கவில்லை. வாயை அணைக்கிற பொத்தான் வைக்காமல் பெற்றுவிட்டார்கள் என்பதால்தான் அவனுக்கு ரேடியோ என்று பெயர். அவளுக்கு ஆணி என்று பெயர் வந்ததும் அதே மாதிரிதான். இறங்கிவிட்டால் பிடுங்குவது பெரும்பாடு. லாரி செட்டில் மூட்டை தூக்கிய குடும்பத்தில் பிறந்து, தானும் தூக்கி, முழங்கால் உடைந்து, அதன் பிறகு காப்பீட்டுக் கம்பெனியில் விபத்து விசாரணைக்குப் போனவள். பொய் சொல்லும் மனிதர்களை அங்கே தினுசு தினுசாகப் பார்த்துச் சலித்துப்போய்த் தனியாகத் துப்பறிய வந்துவிட்டாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கடித்ததாகச் சொல்லப்பட்டவன் நின்றுகொண்டிருந்தான். கதவு முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றான். பெயர் பாறை. இந்த டிராக்டர் கடையின் மெக்கானிக். ரேடியோவின் அக்காவைக் கட்டியவன். அந்த அக்கா சொல்லித்தான் இருவரும் வந்திருந்தார்கள். கடையின் பெயர் முதுகில் அச்சடித்த சாம்பல் நிறச் சட்டை, தோளில் தையல் விட்டிருந்தது.

விஷயம் இதுதான். பழத்தோட்டக்காரர்கள் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. வாரம் முழுக்க வக்கீலாகவும் ஆடிட்டராகவும் பல் டாக்டராகவும் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தொப்பி போட்டுக்கொண்டு விவசாயி ஆகிறவர்களின் சங்கம். எல்லோரும் சேர்ந்து ஒரே கம்பெனியின் சின்ன டிராக்டர்களை வாங்குவதாகத் தீர்மானம் போட்டார்கள். கடைசியில் இரண்டு கம்பெனிகள் மிஞ்சின. இரண்டும் கொரியாவில் செய்தவை. இரண்டு பெயரும் யார் வாயிலும் நுழையாததால் ஒன்றை மஞ்சள் என்றும் இன்னொன்றைச் சாம்பல் என்றும் அழைத்தார்கள். இரண்டுக்கும் குதிரைத்திறன் ஒன்று, தூக்கும் பாரம் ஒன்று. மஞ்சளில் தண்ணீர் பாட்டில் வைக்கும் குழி வலப்பக்கம். சாம்பலில் இடப்பக்கம். இதை வைத்துச் சங்கத்தில் இரண்டு கட்சி பிரிந்து, பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்திகள்கூட இருந்தார்கள்.

போன ஞாயிறு சோதனை ஓட்டம். சங்கத்தின் தலைவர், ஊரறிந்த எலும்பு டாக்டர், 'நானே ஓட்டிப் பார்க்கிறேன்' என்று ஏறிவிட்டார். பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டாவேட்டர் சுழல, மஞ்சள் வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போனது. சாம்பல் மூன்று முறை செத்தது. மூன்றும் நடு வயலில், எல்லோரும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது.

இன்றைக்குச் சாயங்காலம் ஓட்டெடுப்பு.

"நான் கூட்டத்துல எழுந்திருச்சுச் சொல்லப்போறேன்" என்றார் முதலாளி. "மஞ்சள் கடைக்காரன்கிட்ட கை நீட்டிட்டு என் மெக்கானிக்கே என் வண்டியைக் கெடுத்துட்டான்னு. இன்னொரு சான்ஸ் கேக்கப்போறேன். 'துப்பறியறவங்களை வெச்சே விசாரிச்சுட்டேன்'னு சொன்னா எடுபடும் பாருங்க. அதுக்குத்தான் உங்களை உள்ள விட்டேன்."

"வண்டியில என்ன கெட்டுப்போயிருக்கு?"

"அதான் தெரியலையே! டீசல் சரியா இருக்கு, ஃபில்டர் சரியா இருக்கு, பேட்டரி சரியா இருக்கு. எல்லாமே சரியா இருக்குன்னா என்ன அர்த்தம்? அவ்வளவு சாமர்த்தியமா கெடுத்திருக்கான்னு அர்த்தம்."

ஆணி எழுந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் அந்த ஆளின் நாற்காலியைப் பிடித்து ஒரே சுற்றாகச் சுற்றிவிட்டிருப்பாள்.

வெளியே வந்ததும் பாறை அவளிடம் பேசவில்லை. மைத்துனனிடம் பேசினான்.

"மாப்ள, உங்கக்கா என்ன சொல்றா?"

"'அந்த மனுசன் பேரு கெட்டா நீ வீட்டுப் பக்கம் வராதே'ன்னு எனக்குச் சொல்லியிருக்கா. உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலை மாமா."

பாறை தரையைப் பார்த்தபடியே ஆணியிடம் சொன்னான். "கூட்டத்துல துரோகின்னு ஒரு வார்த்தை விழுந்துடுச்சுன்னா அவ்வளவுதான். இந்த ஊர்ல ஒரு ஒர்க் ஷாப்பும் என்னை வாசல்ல ஏத்தாது. கூலி போயிடுமேன்னு இல்லம்மா. திருடிட்டான்னு சொன்னாக்கூட ரெண்டு வருசத்துல மறந்துடுவாங்க. காசு வாங்கிட்டு வண்டியைக் கெடுத்தான்னு சொன்னா மெக்கானிக்குக்கு அதோட சாவுதான்."

"அழுது முடிச்சாச்சா?" என்றாள் ஆணி. "உள்ள ஒருத்தர் அழுததே போதும். வண்டியை வெளிய எடு."

பின்முற்றத்தில் சாம்பல் வண்டி நின்றது. புதுப் பாத்திரம்போலப் பளபளத்தது. ஆணி தடுப்புக் கட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டுத் தரையில் போடச் சொன்னாள். ரோட்டாவேட்டரைச் சுழலவிட்டு பாறை ஒரு தடவை கட்டைகளின் மேல் ஓட்டினான். சாகவில்லை. ஆணி ஏறினாள். அவளும் காற்றில் பறக்கிற ஆள் இல்லை. அவளுக்கும் சாகவில்லை.

"வண்டிக்குக் கூட்டம் இருந்தாத்தான் சாவு வரும்போல" என்றான் ரேடியோ. "சில பேரு அப்படித்தான் பாஸ், பார்க்க ஆள் இருந்தா மட்டும் மயக்கம் போடுவாங்க."

"நீ ஏறு."

ரேடியோ ஏறினான். அவனை ஒல்லி என்று சொல்வது ஒல்லியானவர்களுக்கு மரியாதைக் குறைவு. சட்டையை ஹேங்கரில் மாட்டியது போலத்தான் எப்போதும் இருப்பான். முதல் கட்டை தாண்டியது. இரண்டாவது கட்டையில் வண்டி குதித்தது, அவனும் குதித்தான், எஞ்சின் ஒரு இருமல் இருமி நின்றது.

பாறை ஓடி வந்தான்.

"மாப்ள! என்ன தொட்ட?"

"மாமா, ஸ்டீரிங்கைத் தவிர எதையும் தொடலை. அதையும் பயத்துல தொட்டேன்."

"திரும்ப ஓட்டு" என்றாள் ஆணி. ஒரு வாரமாக எல்லோரும் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எஞ்சினைப் பார்க்கவில்லை. கட்டைக்குப் பக்கத்தில் குந்தி, ரேடியோவின் பின்புறத்தைப் பார்த்தாள்.

"பாஸ், எனக்குக் கூச்சமா இருக்கு."

"ஓட்டுடா."

கட்டையில் ஏறி இறங்கியபோது அவனுக்கும் இருக்கைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. எஞ்சின் நின்றது.

ஆணி நிமிர்ந்து பாறையைப் பார்த்தாள். பாறையின் முகம் வெளுத்துக்கொண்டிருந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது.

"சீட்டுக்கு அடியில ஒரு ஸ்விட்ச் இருக்கும்மா" என்றான் மெல்ல. "பின்னாடி ஷாஃப்ட் சுத்தும்போது ஆளு எழுந்துட்டா எஞ்சின் நின்னுடணும். யாரும் இறங்கிப் போய்க் கையை விட்டுடக் கூடாதுன்னு."

"நல்ல ஏற்பாடு. சீட்டுக்குப் பின்னாடி திருகு இருக்கே, அது?"

"அது எடைக்கு. ஓட்டுறவரோட எடைக்குத் தகுந்த மாதிரி ஸ்பிரிங்கை இறுக்கணும், தளர்த்தணும். இறுக்கம் ஜாஸ்தியானா லேசான ஆளைத் தூக்கிப் போட்டுடும்." அவன் குரல் உள்ளே போனது. "நான் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். இடுப்பு வலிக்குதுன்னு கடைசி வரைக்கும் ஏத்தி வெச்சேன்."

"அப்புறம் இறக்கினியா?"

பாறை குனிந்து திருகைத் தொட்டுப் பார்த்தான்.

"இவ்வளவு பெரிய உடம்பை உனக்கு மட்டும்தான் கொடுத்திருக்குன்னு உனக்குத் தெரியாதா? வண்டி ஓட்டுற ஜனமெல்லாம் உன் சைஸ்ல இருக்கும்னு நினைச்சுட்டியா? ஏறப்போற ஆளு என்ன எடைன்னு கேக்கணும்ல?"

"கேக்கணும்தான். கம்பெனி ட்ரெய்னிங்ல அதான் முதல் பாடம். ஆனா அவரு சங்கத் தலைவரும்மா. சேல்ஸ்மேன் கேப்பாருன்னு நான் இருந்தேன். நான் கேட்டிருப்பேன்னு சேல்ஸ்மேன் இருந்திருப்பாரு."

"ஒருத்தன் பெரிய மனுசன்னா அவனுக்கு எடையே கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டீங்க." ஆணி தூசியைத் தட்டினாள். துரோகம் இல்லை, அசட்டை. உலகத்தில் பாதிச் சாவுக்கு அதுதான் காரணம் என்பது அவள் காப்பீட்டுக் கம்பெனியில் கற்றது.

"அப்ப கேஸ் முடிஞ்சுது பாஸ்" என்றான் ரேடியோ. "போய்ச் சொல்லிட்டு வீட்டுக்குப் போலாம்."

"முடியலை. இதைச் சொன்னா முதலாளி 'பார்த்தீங்களா, இவன்தான் கெடுத்தான்'னு குதிப்பாரு. இன்னொண்ணு. அதே டாக்டர் மஞ்சள்லயும் உக்காந்தாரு. அதே வயல், அதே குதிப்பு. அது ஏன் சாகலை?"

சாம்பல் வண்டியைப் பாறை ஓட்டிவர, சங்கத்தின் பழம் பிரிக்கும் கொட்டகைக்குப் போனபோது நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேஜைமேல் பிஸ்கட் தட்டுகள். கொட்டகையின் மறுகோடியில் மஞ்சள் வண்டி, கழுத்தில் ரிப்பன் கட்டி, ஜெயித்துவிட்ட முகத்தோடு நின்றது. பக்கத்தில் அதன் கடைக்காரர். அவரும் இரண்டு இருக்கை பிடிக்கும் ஆள்தான். சட்டையும் மஞ்சள்.

"பாருங்க, நல்லாப் பாருங்க" என்றார். "மறைக்க ஒண்ணும் இல்லை. எங்க வண்டி நிக்காது. அதான் எங்க விளம்பரமே."

ஆணி இருக்கையின் பின்பக்கத் திருகைப் பார்த்தாள். கடைசிவரை ஏற்றியிருந்தது.

"இது யார் வெச்சது?"

"நான்தான். காட்டிக்காட்டி ஓட்டுறது நான்தானே."

"டாக்டர் ஏறும்போது இறக்கினீங்களா?"

"எதை?"

ஆணி பாறையைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு கடை, ஒரே மூளை. கடல் தாண்டி வந்த பொருளுக்கு வாய்த்த ஆட்களைப் பார்.

ரேடியோ ஏறினான். பழப் பெட்டிகளின் மரச்சட்டங்களைப் போட்டு ஓட்டினார்கள். குதித்தான், குதித்தான், வண்டி சாகவில்லை. ஆணி கையைக் காட்டினாள். ரேடியோ கியரை எடுத்துவிட்டு எழுந்து நின்றான். சாகவில்லை. இறங்கினான். சாகவில்லை. ஆள் இல்லாத வண்டியின் பின்னால் ரோட்டாவேட்டர் கத்திகள் மினுங்கிச் சுழன்றுகொண்டிருந்தன.

"பார்த்தீங்களா!" என்றார் மஞ்சள் கடைக்காரர். "நிக்கவே நிக்காது!"

"டேய், கிட்டப் போகாதே!" ஆணி ரேடியோவின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவிட்டு, தானே போய் எஞ்சினை அணைத்தாள்.

இருக்கையைத் தூக்கினாள். ஸ்விட்சிலிருந்து வரும் வயர் கழற்றிக் கிடந்தது. அது சொருகவேண்டிய ப்ளக்கின் இரண்டு துளைக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி. யார் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும், 'உட்கார்ந்திருக்கிறார், உட்கார்ந்திருக்கிறார்' என்று எஞ்சினிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது அது.

ரேடியோ கையைத் தட்டினான். "கையும் களவுமா மாட்டினாரு மஞ்சளு! ரிப்பனை அவிழ்த்து அவர் கையில கட்டிடலாம் பாஸ்."

"ஐயோ, என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் இல்லை!" மஞ்சள் கடைக்காரருக்கு வேர்த்துவிட்டது. "சீட்டுக்கு அடியில இப்படி ஒண்ணு இருக்குறதே எனக்கு இப்பத்தான் தெரியும்!"

அதை ஆணி நம்பினாள். அந்த முகத்தில் பொய்க்குத் தேவையான அளவு அறிவு இல்லை.

கம்பியை உருவி உள்ளங்கையில் வைத்தாள். பாறை எட்டிப் பார்த்தான்.

"நம்ம ஆளுங்க போட்டது இல்ல" என்றான். "நாங்க வயரை வெட்டிப் பல்லால கடிச்சு முறுக்கி விடுவோம். இது செம்பும் இல்ல. இரும்பும் இல்ல. துருவே பிடிக்காத எஃகு."

அந்தக் கம்பி சீராக, ஒரே அளவில், பின்னல் போல முறுக்கியிருந்தது. வெட்டிய முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. யாரையும் குத்திவிடக் கூடாது என்பது போல, மடக்கி உள்பக்கமாகப் படுக்க வைத்திருந்தது.

"இதே முறுக்கை நான் பார்த்திருக்கேன்" என்றாள் ஆணி.

"எங்க பாஸ்?"

"என் முழங்கால்ல. எக்ஸ்ரேயில."

ரேடியோ வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. அது அவனுக்குப் பிறந்ததிலிருந்து இரண்டாவது முறையோ என்னவோ.

"உடைஞ்ச முழங்கால் சிப்பியைச் சேர்த்துக் கட்டுற கம்பி. முனையை இப்படித்தான் மடக்குவாங்க. இல்லைன்னா உள்ள சதையைக் குத்தும். டிராக்டருக்கு ஏதுடா சதை? கைப்பழக்கம். வேற எப்படியும் முறுக்கத் தெரியாத கை." அவள் மஞ்சள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "சோதனைக்கு முன்னாடி வண்டி எங்க இருந்தது?"

"டாக்டர் தோட்டத்துல. ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கட்டும்னு நான்தான் விட்டுவெச்சேன். சாம்பல்காரன் அன்னைக்குக் காலையிலதான் வண்டியை இறக்கினான்."

சங்கத்தார் வரத் தொடங்கினார்கள். வெயில் படாத தொப்பிகள், மண் படாத பூட்ஸ்கள். கடைசியில் டாக்டர் வந்தார். எலும்பு டாக்டர் என்றால் தொழிலைச் சொல்கிறார்களா உருவத்தைச் சொல்கிறார்களா என்று கேட்கும்படி இருந்தார். கோட்டுக்கு உள்ளே தோள் இருப்பதாகக் காட்டப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார்கள். நடை மட்டும் இரண்டு ஆள் நடை.

ஆணி அவரிடம் போவதற்குள் முதலாளி எழுந்துவிட்டார்.

"பெரியவங்க எல்லாரும் மன்னிக்கணும். போன வாரம் என் வண்டி நின்னுச்சு. வண்டி மேல தப்பில்லை. இதோ நிக்கிறானே, என் மெக்கானிக், இவன் துரோகி. மஞ்சளுக்கு விலைபோயிட்டான். துப்பறியறவங்களே வந்து விசாரிச்சுட்டாங்க!"

எல்லாத் தலைகளும் திரும்பின. பாறை அவ்வளவு பெரிய உடம்பை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நின்றான். பல் டாக்டர் ஒருவர் பிஸ்கட் மென்றபடியே 'ச்சே' என்றார்.

"விசாரிச்சோம்" என்றாள் ஆணி. "பாதியை அவர் சொல்லிட்டாரு. அந்தப் பாதி பொய். மீதியை நான் சொல்றேன்." சாம்பல் வண்டியின் திருகைப் பற்றிச் சொன்னாள், பாறையின் அசட்டையையும் விடாமல். பிறகு கம்பியை டாக்டரின் முன்னால் பிஸ்கட் தட்டில் வைத்தாள். "இது மஞ்சளோட சீட்டுக்கு அடியில இருந்தது. இதை யார் முறுக்கினதுன்னு பார்த்துச் சொல்றதுக்கு உங்களைவிடத் தகுதியான ஆளு இங்க இல்லை டாக்டர்."

டாக்டர் கம்பியைப் பார்த்தார். தன் கையெழுத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

பிறகு அவர் நிமிர்ந்தார். நெஞ்சைக்கூட நிமிர்த்தினார்.

"நான்தான் போட்டேன். மஞ்சள் கடைக்காரர்கிட்ட லஞ்சம் வாங்கினேன். அதான் காரணம். தலைவர் பதவியை ராஜினாமா பண்றேன்."

"என்னது!" மஞ்சள் கடைக்காரர் நாற்காலியோடு எழுந்தார். "நான் உங்களுக்கு ஒரு காபிகூட வாங்கித் தந்தது இல்லையே சார்!"

கூட்டம் கொதித்தது. ஆணி மட்டும் அந்த ஒல்லி மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ பேர் செய்ததை இல்லை என்பார்கள். செய்யாத குற்றத்தை ஒருவன் இவ்வளவு பெருமையாகத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வதை அவள் பார்த்ததில்லை.

"லஞ்சம் எதுல வெச்சுக் கொடுத்தாரு டாக்டர்?"

"ஒரு... பையில."

"என்ன பை?"

"பை... பைதான்."

"நடிப்பு சுத்தமா வரலை டாக்டர்" என்றான் ரேடியோ. "நான் வேணா வாங்கிக் காட்டட்டுமா?"

ஆணி குனிந்து, டாக்டருக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள். "உங்க தோட்டத்துல இந்த மஞ்சளும் உங்களைத் தூக்கிப் போட்டு நின்னுது. ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப. யார் பார்த்தாங்க?"

டாக்டரின் தோள் பஞ்சு தளர்ந்தது.

"தோட்டத்து ஆளுங்க எல்லாரும். என் பொண்டாட்டி சிரிச்சா. 'ஒரு செங்கல்லைக் கட்டிக்கிட்டு உக்காருங்க'ன்னா."

"ஷாஃப்ட்ல சிக்கின கையோட வர்றவங்க எல்லாம் உங்ககிட்டதானே வர்றாங்க?"

"ஆமா."

"அது தெரிஞ்சும் ஸ்விட்சைக் கழட்டினீங்க."

"ஆமா."

"இப்ப லஞ்சம் வாங்கினவன்னு பேரெடுத்தாலும் பரவாயில்லை, ஒல்லின்னு மட்டும் தெரியக் கூடாது." ஆணி நிமிர்ந்தாள். அவளுக்குத் துப்ப வேண்டும்போல இருந்தது. கொட்டகையில் தரை சுத்தமாக இருந்தது. "பாறை! சாம்பலை உள்ள கொண்டு வா. அன்னைக்குக் கேக்காம விட்டதை இன்னைக்குக் கேளு."

பாறை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். டாக்டர் ஏறி உட்கார்ந்தார். வேறு வழி இருக்கவில்லை. கூட்டம் முழுவதும் சுற்றி நின்றது. பாறை இருக்கைக்குப் பின்னால் போய், திருகில் கை வைத்தான். தொண்டையைச் செருமினான்.

"சார், உங்க எடை எவ்வளவு?"

டாக்டர் உதட்டை அசைத்தார்.

"கேக்கலை சார்."

"நாப்பத்தாறு!" என்று கத்தினார் டாக்டர். "நாப்பத்தாறு கிலோ! போதுமா?"

யாரும் சிரிக்கவில்லை. பாறை திருகைத் திருப்பினான். டக். டக். டக். அது இறங்கிக்கொண்டே போனது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவழியாக அது நின்றது.

வண்டி மரச்சட்டங்களின் மேல் போனது, வந்தது, மறுபடியும் போனது. டாக்டர் இருக்கையோடு ஒட்டிக்கொண்டே குலுங்கினார். எஞ்சின் ஒருமுறைகூட இருமவில்லை. கடைசியில் ரோட்டாவேட்டர் சுழலச் சுழல அவர் எழுந்து இறங்கினார். எஞ்சின் சட்டென்று அடங்கி, கத்திகள் ஓய்ந்தன.

"பாருங்க, மறுபடியும் நின்னுடுச்சே!" என்றார் ஆடிட்டர்.

"மஞ்சள் நிக்கலையே" என்றார் இன்னொருவர். "இறங்கினாக்கூட ஓடுச்சாமே. அதான் வண்டி."

டாக்டர் வாயைத் திறந்தார். அவர் சொல்ல வந்ததைக் கேட்க அங்கே யாரும் இல்லை. ஆணி அந்தத் தொப்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இத்தனை நேரம் இவர்களிடமா பேசிக்கொண்டிருந்தோம் என்று இருந்தது.

முதலாளி மட்டும் கூட்டத்தின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார். பாறையின் தோளில் கை போட்டு ஓரமாக இழுத்தார். தோள் எட்டாததால் முழங்கையைப் பிடித்தார்.

"நான் ஏதோ கோவத்துல பேசிட்டேன்ப்பா. நாளைக்குக் காலையில வேலைக்கு வந்துடு. ஒண்ணே ஒண்ணு. இவங்களுக்கு நிக்காத வண்டிதான் பிடிக்குது. அந்தக் கம்பி மாதிரி நம்ம வண்டிங்களுக்கும் ஒண்ணொண்ணு மாட்டி விட்டுடு. ஓட்டு நமக்குத்தான்."

பாறை அவரைக் குனிந்து பார்த்தான்.

"துரோகின்னு சொன்னீங்களே முதலாளி. அதை இவங்க முன்னாடி திரும்ப எடுத்துக்குங்க. அப்புறம் பேசலாம்."

"இவ்வளவுதானே!" முதலாளி மேஜைக்கு முன்னால் துள்ளிப் போனார். "எல்லாரும் கேளுங்க! என் மெக்கானிக் மேல ஒரு தப்பும் இல்லை. நான் சொன்னது பொய். அவன் கை சுத்தமான கை. இந்த ஊர்லயே இவனைவிட நாணயமான மெக்கானிக் கிடையாது!"

ஞாயிற்றுக்கிழமை விவசாயிகள் கை தட்டினார்கள். எதற்கு என்று தெரியாமலும் தட்டுவார்கள் அவர்கள்.

முதலாளி வியர்வையைத் துடைத்தபடி திரும்பி வந்தார். "போதுமா? நாளைக்கு எத்தனை மணிக்கு வர்ற?"

"வரலை" என்றான் பாறை.

"என்னது?"

"கை சுத்தமான கைன்னு சொல்லிட்டீங்கல்ல. அதை வெச்சுக்கிட்டு உங்க கம்பியை எப்படி முறுக்குறது?"

அவன் கும்பிடக்கூட இல்லை. கொட்டகையைக் கடந்து வெளியே நடந்தான். போகும்போது மஞ்சள் கடைக்காரர் கையைப் பிடித்து, "நம்ம கடைக்கு வந்துடேன்" என்றார். பாறை அவர் வண்டியின் இருக்கைத் திருகை ஒரு பார்வை பார்த்தான், அவரை ஒரு பார்வை பார்த்தான், கையை விடுவித்துக்கொண்டு போனான்.

வெளியே, ஆணியின் பழைய வேனுக்குப் பக்கத்தில் மூவரும் நின்றார்கள். ஜன்னல் வழியாக உள்ளே ஓட்டெடுப்பு தெரிந்தது. மஞ்சளுக்குக் கை தூக்கச் சொன்னார்கள். கைகள் உயர்ந்தன. பாதிக்கு மேல் உயர்ந்தன. வெள்ளையான, நகம் வெட்டிய கைகள். ஒன்றில்கூட விரல் குறையவில்லை. அந்த வண்டிகளின் பின்னால் நாளை குனியப்போவது அந்தக் கைகள் இல்லை. ஆணி வாசலில் தனியாக நின்ற டாக்டரைப் பார்த்தாள். பிஸ்கட் தட்டிலிருந்த கம்பி இப்போது அவர் விரல்களுக்கு நடுவே இருந்தது. அவர் கை தூக்கவில்லை. உள்ளே திரும்பி, எதையோ சொல்லக் கத்தினார். நாற்பத்தாறு கிலோ குரல், யாருக்கும் எட்டவில்லை. கடைசியில் அவர் மஞ்சள் வண்டியிடம் போய், கோட்டைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு, இருக்கைக்கு அடியில் தலையை நுழைத்தார். கழற்றிய வயரைத் தேடுகிறார் போலும்.

ரேடியோ கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தான். "ஆமாக்கா, எல்லார் முன்னாடியும் சொன்னாரு, பொய்னு... ஆமா... இல்ல, வேலை இல்ல. துரத்தலைக்கா, மாமாவே விட்டுட்டாரு. ரெண்டும் ஒண்ணு இல்லக்கா... ம்... ம்..." அவன் கைப்பேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தான். அந்தப் பக்கத்துக் குரல் வேன் வரைக்கும் கேட்டது.

"என்ன மாப்ள சொல்றா?"

"கடைச் சட்டையைக் கழட்டி அந்தாளு மூஞ்சில எறிஞ்சீங்களான்னு கேக்குறா மாமா."

பாறை தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தான். சாம்பல் சட்டை அப்படியே இருந்தது. அது ஞாபகமே இல்லை அவனுக்கு.

"மறந்துட்டேன்னு சொல்லு."

ரேடியோ சொன்னான். கேட்டான். "போயி எறிஞ்சுட்டு வரணுமாம். இல்லைன்னா அந்தச் சட்டையோட வீட்டுப்படி ஏறக் கூடாதாம்."

அன்றைக்கு முதல்முறையாகப் பாறை சிரித்தான். மேல் பொத்தானைக் கழற்றத் தொடங்கினான்.

ஆணி வேன் சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நிதானமாப் போயிட்டு வா" என்றாள். "நாங்க நிக்கிறோம்."